வௌவாலும் கொரோனா வைரஸும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வௌவாலின் உடலில் கொரோனா வைரஸ் தங்கியிருப்பது வேறு, அது மனிதரிடம் நோயாக வெளிப்படுவது வேறு. இவ்வேறுபாடு உணரப்படாததால், 2020 மார்ச்சில் பெரு நாட்டின் கஹமார்கா பகுதியில் வௌவால்கள் தீப்பந்தங்களால் தாக்கப்பட்டன. வனத்துறையினர் சுமார் 200 வௌவால்களை மீட்டனர்.

நம்பிக்கை: வௌவாலிடம் உள்ள கொரோனா வைரஸ் அனைத்தும் கோவிட் வைரஸே.

உண்மை: கொரோனா என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக அறிவியலார் 586 பழந்தின்னி வௌவால்களை ஆராய்ந்து, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இமாச்சலப் பிரதேசம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 25 வௌவால்களிடம் கொரோனா வைரஸ்களைக் கண்டதாக 2020இல் அறிவித்தனர். அவை கோவிட் வைரஸிலிருந்து வேறுபட்டவை என்பதோடு, மனிதரிடம் நோய் உண்டாக்கியதற்குச் சான்றும் இல்லை. மூக்கின்மீது குதிரை லாடம் போன்ற தோல் மடிப்பைக் கொண்ட லாட வௌவாலிடமிருந்து 2013இல் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் பெறப்பட்ட வைரஸ், கோவிட் வைரஸோடு 96 விழுக்காடு ஒத்திருந்தாலும், சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட மரபுத் தொடரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அது வேறுபடுகிறது. இத்தனை மாற்றங்கள் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நம்பிக்கை: வௌவாலிடமிருந்து வைரஸ் நேரே மனிதருக்குத் தாவிவிடும்.

உண்மை: வைரஸின் மேற்பரப்பில் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம், மனித உயிரணுவின் புறத்தே உள்ள ‘ஏற்பி’ எனும் புரதத்தோடு, பூட்டுக்குச் சாவி பொருந்துவது போலப் பொருந்தினாலன்றி வைரஸ் உள்ளே நுழைய இயலாது. இப்பொருத்தம் பெரும்பாலும் வேறொரு விலங்கின் வழியாகவே வாய்க்கிறது. 2002இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் தோன்றிய சார்ஸ் எனும் கொரோனா வைரஸ் சந்தைகளில் உயிரோடு விற்கப்பட்ட மரநாய் இன விலங்குகளிடமும், 2012இல் சவுதி அரேபியாவில் அறியப்பட்ட மெர்ஸ் எனும் கொரோனா வைரஸ் ஒட்டகங்களிடமும் காணப்பட்டன.

நம்பிக்கை: வைரஸைச் சுமக்கும் வௌவால் நோயுற்ற பிராணி.

உண்மை: வைரஸைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே, உடலுக்குக் கேடு செய்யும் மிகையான அழற்சியையும் தணித்துக்கொள்ளும் எதிர்ப்பாற்றல் வௌவாலுக்கு உண்டு. ஆதலால் பல வைரஸ்களைச் சுமந்தும் அது பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறது. இவ்வாறு வைரஸ் நிலையாகத் தங்கும் உயிரினமே ‘தேக்க விலங்கு’ எனப்படுகிறது.

நம்பிக்கை: வௌவால்களை அழித்தால் ஆபத்து நீங்கும்.

உண்மை: உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்கள் மார்பர்க் எனும் வைரஸ் நோய்க்கு ஆளான பின், அங்கிருந்த பழந்தின்னி வௌவால்கள் கூண்டோடு அழிக்கப்பட்டன. மார்பர்க் வைரஸ் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்ததன்று எனினும், அங்கு நிகழ்ந்தது எல்லோருக்கும் பாடமாகும்: பின்னர் புதிதாகக் குடியேறிய வௌவால்களை 2012இல் ஆராய்ந்தபோது, முன்பு நூற்றுக்கு 5 என்ற அளவிலிருந்த தொற்று 13ஆக உயர்ந்திருந்தது, அவ்வாண்டே அருகிலுள்ள இபாண்டாவில் நோய் மீண்டும் பரவியது.

ஆகவே, வௌவால் தங்கும் குகையிலும் மரத்திலும் அதனைக் கலைக்காதிருத்தலும், விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடாதிருத்தலும், அது கடித்த பழத்தை உண்ணாதிருத்தலும், அதன் காட்டை அழிக்காதிருத்தலுமே மனிதரைக் காக்கும் வழிகள். இலுப்பை விதைகளை இரவெல்லாம் சுமந்து சென்று பரப்பும் அவ்வுயிரையும் இவையே காக்கும்.