அலுமினியம் வன்மை பெற்ற வரலாறு

சமையலறையில் உள்ள அலுமினியப் பாத்திரம் கைதவறிக் கீழே விழுந்தால் எளிதில் நசுங்கிவிடுகின்றது. வானிற் பறக்கும் விமானங்கள் பலவற்றின் இறக்கைகளும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவையே. அவையோ பெருங்காற்றின் தாக்குதலைத் தாங்கி, நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்து செல்கின்றன. ஒரே உலோகம் ஓரிடத்தில் மென்மையும் மற்றோரிடத்தில் வன்மையும் உடையதாய் இருப்பதற்குக் காரணம் யாது?

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் பாக்சைட் என்னும் தாது கிடைக்கின்றது. 1965ஆம் ஆண்டு மேட்டூரில் தொடங்கப்பட்ட ஆலையில் அத்தாதுவிலிருந்து அலுமினியம் பிரித்தெடுக்கப்பட்டு வந்தது. தூய அலுமினியம் இலேசானது, எளிதில் அரிக்கப்படாதது, ஆயினும் மென்மையானது. அதனுள் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குற அமைந்துள்ளன. அதனை வளைத்தால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் எளிதில் நழுவுகின்றது. வன்மை வேண்டுமாயின் இந்நழுவலைத் தடுத்தல் வேண்டும்.

அதற்குரிய வழி எதிர்பாராமல் புலப்பட்டது. செர்மனி நாட்டு அறிஞர் ஆல்பிரட் வில்ம் 1906ஆம் ஆண்டில், அலுமினியத்துடன் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும், சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து ஆராய்ந்தார். அக்கலப்புலோகத்தை ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, நீரில் தோய்த்துத் திடீரெனக் குளிரச் செய்தார். அப்பொழுது அதன் கடினம் மிகவில்லை. சில நாள் கழித்துச் சோதித்தபோதோ, அது தானாகவே கடினமுற்றிருந்தது! பின்னர் இதற்கு டூராலுமின் என்னும் பெயர் வழங்கிற்று. கடினத்தை அளக்கும் பிரினெல் முறையில் தூய அலுமினியத்தின் எண் ஏறத்தாழ 20. டூராலுமினின் எண் ஏறத்தாழ 100.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? சூடான நீரில் சர்க்கரை மிகுதியாகக் கரையும். நீர் மெல்ல ஆறினால் மிகுதிப் பகுதி கற்கண்டாகப் பிரியும். அதுபோலவே, சூடான அலுமினியத்தில் செம்பு கரைந்து நிற்கின்றது. திடீரெனக் குளிர்விக்கும்போது அது பிரிந்துசெல்ல நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கின்றது. பின்னர், நாள் செல்லச் செல்ல, செம்பின் அணுக்கள் எங்கும் மிகச் சிறு திரள்களாகக் கூடுகின்றன. சாதாரண நுண்பெருக்கிக்கும் புலப்படாத இத்திரள்களை, 1938ஆம் ஆண்டில் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் எக்ஸ் கதிர்களின் துணையால் தனித்தனியே கண்டறிந்தனர்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. அத்தகைய மலையடி நிலங்களை உழுவோர் ஓர் உண்மையை அறிவர். கல்லில்லாத மண்ணில் ஏர் தடையின்றிச் செல்லும். சிறு கற்கள் எங்கும் பரவிக் கிடந்தால், கொழு அடிக்கடி முட்டி நிற்கும். அக்கற்களையே பொறுக்கி ஓரிடத்தில் குவித்துவிட்டால் உழவு மீண்டும் எளிதாகும். செம்பின் திரள்களும் இக்கற்களைப் போன்றவையே. அவை சிறியனவாய் எங்கும் பரவியிருக்கும்வரை அணு அடுக்குகளின் நழுவலைத் தடுக்கின்றன. கலப்புலோகத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால், திரள்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன. உலோகமும் வன்மை இழக்கின்றது. செம்பின் அளவு மாறவில்லை. அது பரவியிருந்த முறையே மாறிற்று.

ஆதலின், விமானத் தகடுகளை இணைக்கும் தறையாணிகள் சிலவற்றைக் குளிர்வித்தவுடன் பனிக்கட்டியளவு குளிரில் வைத்துக் காப்பர். குளிரில் கடினமாதல் தாமதமாகும். மென்மை மாறுமுன் அவற்றை அடித்துப் பொருத்துவர். பின்னர் அவை இருந்த இடத்திலேயே வன்மை பெறும். சேர்க்கும் பொருளின் அளவோடு, வெப்பத்தையும் காலத்தையும் அறிந்து செயற்படும் தொழிலாளியின் கவனத்தை நம்பியே பயணிகளின் உயிர் வானிற் செல்கின்றது.