சிறுதொழிலும் கைக்காசும்: ஒரு பட்டறைக் கணக்கு



டிப்ளமோ முடித்ததும் என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு ஹாஸ்டலில் ஆரம்பித்தால் விடிய விடிய ஓடுகிறது. கம்பெனியில் அப்ரன்டிஸாகச் சேர்வது ஒரு வழி. "யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம், சொந்தமா ரெண்டு லேத் போட்டாப் போதும்" என்பது இன்னொரு வழி. மெக்கானிக்கல் மாணவர்களில் பலருக்கு இந்த இரண்டாவது ஆசை உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் சொந்தத் தொழில் எப்போது குடும்பத்துக்குப் பாதுகாப்பு, எப்போது ஆபத்து என்று யாரும் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. தொழில் தெரிந்து, ஆர்டரும் கிடைத்தால் போதும் என்கிறார்கள். அது போதாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் போய்ப் பாருங்கள். சந்துக்குச் சந்து ஜாப் ஒர்க் பட்டறைகள். பம்ப்செட், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷின் தயாரிக்கும் கம்பெனிகள் வார்ப்பையோ ராடையோ அனுப்பும். பட்டறைக்காரர் அதைக் கடைந்து, துளை போட்டு, சலானோடு திருப்பி அனுப்புவார். பொருள் கம்பெனியுடையது, பட்டறைக்குக் கூலி மட்டும். என் மாமா அப்படி ஒரு பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், போன லீவில் பில் புத்தகத்தை என் முன்னால் வைத்து, "மாப்ள, மெஷின் நிக்காம ஓடுது. ஆனா சனிக்கிழமை சம்பளத்துக்குக் கடன் வாங்கறேன். இதென்ன கணக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அவருடைய எண்களை அச்சில் போட முடியாது. அதேபோல் ஒரு பட்டறையை நாமே கற்பனை செய்துகொள்வோம். மூன்று லேத். ஒன்றை முதலாளியே ஓட்டுகிறார், மற்ற இரண்டுக்கு ஆபரேட்டர்கள். மாத வாடகை 12,000 ரூபாய். இரண்டு பேர் சம்பளம் 36,000. மின்சாரத்தில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் 3,000. மெஷின் கடன் தவணை 14,000. வீட்டுச் செலவுக்கு 20,000. சில்லறைச் செலவு 5,000. ஆக மொத்தம் 90,000. வீட்டுச் செலவை ஏன் இதில் சேர்த்தாய் என்று கேட்பீர்கள். முதலாளியும் சாப்பிடவேண்டும் அல்லவா! பலர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, வருகிற காசெல்லாம் லாபம் என்று நினைக்கிறார்கள்.

மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் கூலி 250 ரூபாய் என்று வைப்போம். டூல், கூலன்ட், யூனிட் கரண்டுக்கு 50 போனால் மிச்சம் 200. தொண்ணூறாயிரத்தை 200 ஆல் வகுத்தால் 450 மணி நேரம். இதுதான் மேலாண்மைப் பாடத்தில் நாம் கிராஃப் வரைந்து மார்க் வாங்கும் பிரேக் ஈவன். மூன்று மெஷின், தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் கையில் இருப்பதே 600 மணி நேரம்தான். அதில் முக்கால் பங்கு ஓடினால்தான் நட்டமில்லை. ஜாப் செட்டிங் நேரம், கரண்ட் கட், ரிஜெக்‌ஷன் ஆகி வந்த பீஸைத் திரும்பக் கடையும் நேரம் எல்லாம் மீதிக் கால் பங்குக்குள் அடங்கவேண்டும்.

சரி, நம் பட்டறை 500 மணி நேரம் ஓடிவிட்டது. வரவு 1,25,000. செலவு 90,000 + 25,000 = 1,15,000. லாபம் 10,000. சந்தோஷம்தான்! ஆனால் இந்த 1,25,000 பில்லில்தான் இருக்கிறது, கையில் இல்லை. பார்ட்டி 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது என்றால், முதல் பணம் வருவதற்குள் மூன்று மாதச் செலவு 3,45,000 ரூபாயை நாம் போட்டிருக்கவேண்டும். அதைத் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,350 ரூபாய் வட்டி. லாபம் 10,000, வட்டி 10,350! மெஷின் ஓடுகிறது, ஆள் உழைக்கிறார், மாதம் 350 ரூபாய் குறைகிறது. மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் கிடைத்தால் இதே தொகைக்கு வட்டி 3,450தான். பணம் 45 நாளில் வந்துவிட்டால் மூணு வட்டியிலும் பாதிதான், 5,175.

இந்த 45 நாள் நான் சும்மா எடுத்த எண் அல்ல. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 15ஆம் பிரிவு, குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குமேல் பணம் நிறுத்தக்கூடாது என்கிறது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. இதைக் கேட்க உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனாலும் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில் பட்டறைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. எனக்கு அதைவிட உபயோகமாகத் தெரிவது 2023 நிதிச் சட்டத்தில் வந்த வருமான வரி விதி. கெடு தாண்டிய பணத்தை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்டமுடியும். ஆகவே மார்ச் மாதம் நெருங்கும்போது உத்யம் எண் அச்சடித்த பில்லை எடுத்துக்கொண்டு போய் நின்றால், சண்டை போடாமலே பேசலாம்.

இனி, கெட்ட காலத்துக்குக் கையிருப்பு. மூன்று மாத நிலைச் செலவு, அதாவது 2,70,000 ரூபாய், தனிக் கணக்கில் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. மாதம் 10,000 சேர்த்தால் 27 மாதம் ஆகும். நம் ஊர்ப் பட்டறைகளுக்குக் காலம் அவ்வளவு தவணை கொடுத்ததா? 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரொக்கமாகச் சம்பளம் போட்ட இடமெல்லாம் தடுமாறியது. எட்டே மாதத்தில், 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. மெஷின் நின்றது, வாடகை நிற்கவில்லை. நிலை பழையபடி ஆவதற்குள் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. இதில் எதையும் எந்தப் பட்டறைக்காரரும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது. கையில் மூன்று மாதச் செலவு இருந்தவர் மெஷினை விற்காமல் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

ஒரே பார்ட்டியை நம்புவதும் இதில் சேரும். பம்ப்செட் வேலை கோடைக்கு முன்னால் குவியும், மழை பிடித்தால் குறையும். கூடவே டெக்ஸ்டைல் உதிரிபாகமோ வண்டி உதிரிபாகமோ கொஞ்சம் கூலி குறைவானாலும் எடுத்து வைப்பது நல்லது. மொத்த வேலையில் பாதிக்குமேல் ஒருவரிடமே இருந்தால், அவர் சொல்கிற விலையும் அவர் சொல்கிற தேதியும்தான்.

கடன் திட்டங்கள் நமக்கு இருக்கின்றன. முத்ரா 2015இல் வந்தது. நம் மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 2012இல் வந்தது. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காகவே போட்ட திட்டம், 25 சதவீதம் மூலதன மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கவேண்டும். அங்கே போகும்போது மெஷின் விலைக்கு மட்டும் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மேலே பார்த்த 3,45,000 ரூபாய் நடைமுறை மூலதனத்தையும் திட்ட அறிக்கையில் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் அந்தப் பணம் மூணு வட்டிக்காரரிடமிருந்துதான் வரவேண்டும்.

நீட்ஸுக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும். நம்மில் பலருக்கு இப்போது 18. இடையில் உள்ள மூன்று ஆண்டில் எந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாலும், மாதத்தில் ஒருநாள் பில்லை எடுத்துக்கொண்டு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போகிறவரோடு நீங்களும் போய்வாருங்கள். எந்தப் பில்லுக்கு உடனே செக் எழுதுகிறார்கள், எதை "அடுத்த வாரம் வாங்க" என்று தள்ளுகிறார்கள், சலானில் எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அங்கே பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.