காந்தத்தை மாற்றினால் மட்டும் போதாது

மின்வாகன மோட்டார்களில் பெரும்பாலானவை நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை நம்பியே சுழல்கின்றன. சூடேறினால் இக்காந்தம் தளரும். 150 டிகிரி செல்சியஸை நெருங்கும் ரோட்டாரில் அது தாக்குப்பிடிக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கிய ஏழு அரிய மண் தனிமங்களில் இவை இரண்டும் அடக்கம். மாற்று மோட்டார் பற்றிய பேச்சு இந்தியத் தொழிற்சாலைகளில் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கைக்கு எட்டுவது ஃபெரைட் காந்தம். மலிவானது, பிஎல்டிசி சீலிங் ஃபேன்களில் ஏற்கெனவே பழகியது. ஆனால் நியோடிமியக் காந்தம் தன்னிடம் தக்கவைக்கும் புலம் (எஞ்சுபுலம்) 1.2 முதல் 1.4 டெஸ்லா வரை இருக்க, ஃபெரைட்டுக்குச் சுமார் 0.4 டெஸ்லாதான். பழைய ரோட்டாரிலேயே ஃபெரைட்டைப் பொருத்தினால் முறுக்குவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அதை ஈடுகட்டக் காந்தங்களைச் சக்கரத்தின் ஆரங்களைப்போல நிறுத்திப் புலத்தைக் குவிக்க வேண்டும். ரோட்டாரின் இரும்பைப் புலம் தன் திசைக்கு இழுக்கும் ரிலக்டன்ஸ் விசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக இறங்குவோர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. நியோடிமியத்துக்கு எதிரி வெப்பம், ஃபெரைட்டுக்குக் குளிர். சென்னை வெயிலில் தேறிய மோட்டார், லடாக்கின் உறைபனியில் அதிக மின்னோட்டத்துடன் கிளம்பும்போது நிரந்தரமாகக் காந்தமிழக்கக்கூடும். குளிர்ச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

காந்தமே வேண்டாமென்றால் இண்டக்ஷன் மோட்டார் உண்டு. டெஸ்லாவின் ரோட்ஸ்டரும் 2012ஆம் ஆண்டின் மாடல் எஸ்ஸும் அதில்தான் ஓடின. 2017இல் வந்த மாடல் 3இலோ அதே நிறுவனம் காந்த மோட்டாரை எடுத்துக்கொண்டது. இண்டக்ஷன் ரோட்டாரில் மின்னோட்டம் பாய்வதால் அங்கே வெப்பமாக ஆற்றல் வீணாகிறது. அதை ஈடுகட்டப் பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும். காந்தத்தில் மிச்சமான பணம் பேட்டரியில் கரைந்துவிடும்.

ரெனோவின் ஸோயியும் பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்3யும் ரோட்டாரில் செப்பு வைண்டிங் வைத்து வேறு வழியில் போயின. நெடுஞ்சாலை வேகத்தில் புலத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இதன் பலம். அந்த வைண்டிங்குக்கு மின்சாரம் தரும் பிரஷ், ஸ்லிப் ரிங்கின் தேய்மானமும் அதில் உதிரும் தூள் வைண்டிங்கில் படியாமல் காப்பதும் இதற்கான விலை.

ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் மிக எளிது: ரோட்டார் வெறும் எஃகுத் தகடுகள்தான். சிக்கல் சுற்றிலும் இருக்கிறது. ஏர் கேப் மிகக் குறுகலாக இருக்க வேண்டும். பேரிங் சற்றே தேய்ந்தாலும் அதிர்வும் இரைச்சலும் கூடும். வழக்கமான மூன்று-ஃபேஸ் இன்வெர்ட்டரும் இதற்கு உதவாது. மோட்டாரை ஒரு குழுவும் கன்ட்ரோலரை இன்னொரு குழுவும் தனித்தனியே வடிவமைத்தால் இது தேறாது.

எதைத் தேர்ந்தாலும் உச்சத் திறன் எண்ணைப் பார்த்து மயங்காமல், வண்டி உண்மையில் ஓடும் வேகங்களில் மொத்த இழப்பையும் கணக்கிட வேண்டும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் சரக்கு ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் பொருந்தும். கியர் வைக்க இடமுள்ள ஸ்கூட்டருக்கு ஃபெரைட் போதும். கியரே இல்லாமல் சக்கரத்துக்குள் அடங்க வேண்டிய ஹப் மோட்டாரில் மட்டும் நியோடிமியத்தை விலக்குவது இன்னும் கடினம்.