பாதம் நிற்கட்டும், பாவாடை ஆடட்டும்

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் இரண்டு வகை உண்டு. உருண்டை அடியோடு சாய்ந்து நிமிர்வது ஒன்று. பிக்சல் அனிமேஷன் வேலை தேடுபவர் வாங்க வேண்டியது மற்றது, நடன பொம்மை. தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள், கம்பியில் தொங்குகின்றன. தட்டிவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடும், பாதம் மட்டும் அசையாது. வேலைக்கு மனுப் போடும் இளைஞர்களின் கோப்புகளில் இல்லாதது இந்த ஆட்டம்தான்.

அவர்களின் பாத்திரம் சும்மா நிற்கும்போது மொத்த உடம்பும் ஒரே கட்டையாக ஏறி இறங்குகிறது. உயிர் இல்லை என்று சொன்னால் நாலு ஃபிரேமைப் பன்னிரண்டாக்கிக் கொண்டுவருவார்கள். கட்டை இப்போது வழவழவென்று ஆடும், அவ்வளவுதான். ஃபிரேமைக் கூட்டாதீர்கள், துண்டுகளைப் பிரியுங்கள். தலை, உடல், சடை மூன்றுக்கும் தனித்தனி லேயர். மார்பு ஒரு பிக்சல் இறங்கட்டும், அடுத்த ஃபிரேமில் தலை, அதற்கடுத்து சடை. பாதத்தைத் தொடவே வேண்டாம். பிறகு நேரத்தை மாற்றுங்கள். பிக்சல் படம் வரையும் ஏஸ்ப்ரைட் மென்பொருளில் புது ஃபிரேம் 100 மில்லிசெகண்டில்தான் தொடங்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூச்சு இழுத்து நிற்கும் ஃபிரேமுக்கு 300 கொடுங்கள், இடையில் உள்ளவற்றுக்கு 80 போதும்.

சின்ன ஸ்பிரைட்டில், அதாவது பாத்திரத்தின் பிக்சல் படத்தில், இன்னொரு சங்கடம். 16 பிக்சல் உயர உருவம் 160 சென்டிமீட்டர் ஆள் என்றால் ஒரு பிக்சல் பத்து சென்டிமீட்டர். மூச்சுவிட்டால் எந்தத் தோளும் அவ்வளவு ஏறாது! அங்கே பிக்சலை நகர்த்தாமல் விளிம்பின் நிறத்தை மட்டும் ஒரு படி வெளுக்கவோ கருக்கவோ செய்யுங்கள். கண்ணுக்கு அது அரைப் பிக்சல் நகர்ந்ததாகவே தெரியும்.

எந்த நொடியை வரைவது என்பதற்கு சிற்பிகளிடம் போகலாம். 1010இல் முடிந்த தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமானத்துக்குள், முதல் மேல்தளத்தில், 108 நடனக் கரணங்களுக்கு இடம் விட்டு 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை; சிதம்பரம் கோயிலின் கோபுர வாயில்களில் நின்று கரணங்களைப் பார்க்கலாம். கரணம் என்பது ஓர் அசைவு. சிற்பிக்குக் கிடைத்ததோ ஒரே கல். முன்னும் பின்னும் நடந்ததைப் பார்ப்பவர் ஊகிக்கும்படியான கணத்தைப் பிடித்திருக்கிறார். உங்கள் முக்கிய ஃபிரேமை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். பாத்திரம் என்ன செய்கிறது என்று அப்போதும் தெரிய வேண்டும்.

நடைக்கு இணையத்தில் மாதிரி தேடாதீர்கள். நடவு நேரத்தில் வயலுக்குப் போய், நடுபவரிடம் கேட்டுக்கொண்டு, போனில் படம் பிடியுங்கள். சேற்றில் புதைந்த கால் மெதுவாகக் கிளம்பி, விடுபட்டதும் வெடுக்கென்று மேலே வரும். வரப்பில் அதே ஆள் காலுக்கு நேரே கால் வைத்து, கையை விரித்து நடப்பார். விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டுப் படம் பிடித்துத்தான் 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கணினி விளையாட்டின் ஓட்ட அசைவுகளை வரைந்தார்.

அடிதடிக் காட்சியில் ஒரு கணக்கு உண்டு. எதிரி ஓங்குவது நீளமாக இருக்கட்டும், ஆடுபவர் தப்பிக்க நேரம் வேண்டும். நாயகன் ஓங்குவது ஓரிரு ஃபிரேம்தான். பொத்தானை அழுத்தியதும் வெட்டு விழாவிட்டால் ஆட்டமே பிடிக்காது. அடியின் கனத்தை, வெட்டு விழுந்த பிறகு துணியும் முடியும் வந்து அடங்குவதில் காட்டுங்கள்.

வேலை மாதிரிக்கு ஒரே பாத்திரம், மூன்று அசைவு போதும்: நிற்பது, நடப்பது, அடிப்பது. நான்கு மடங்கு போல முழு எண்ணில் பெரிதாக்குங்கள்; ஒன்றரை மடங்கு என்றால் பிக்சல்கள் குலைந்துவிடும். நிறுவனம் சோதனை வேலை கொடுத்தால் ஸ்பிரைட் அளவு, நிறங்களின் எண்ணிக்கை, பாதம் நிற்கும் பிக்சல் வரிசை மூன்றையும் வரையத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அனுப்பும்போது லேயர்களுக்குப் பெயரிட்ட மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தம் வந்தால் அவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.