பதறாத காரியம் சிதறாது
(வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியின் தொடர்பு அறுந்தால்...)

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் முன்பு போட்டோ ஆல்பம் இருந்த அலமாரியில் இப்போது ஒரு சிறு பெட்டி இருக்கிறது. உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க். பின்னாலிருந்து ஒரு கேபிள் வீட்டு ரவுட்டருக்குப் போகிறது. வீட்டில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் செல்போனிலிருந்தும் அதில் படங்களை வைக்கலாம், எடுக்கலாம். வீட்டுக்கெல்லாம் பொதுவான பரண் என்று வைத்துக் கொள்ளுங்களேன். 'நாஸ்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்தப் பரண் ஒரு நாள் திடீரென்று "காணவில்லை" என்றால் என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதை அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

சாமராஜநகரில் ஒரு கோடை மழை மாலை. இடியோடு மின்சாரம் போய், அரை மணி கழித்து வந்தது. மறுநாள் காலை கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்தால், "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒரு வரிதான் வந்தது. அதற்குள் இருபது வருடப் புகைப்படங்கள் இருந்தன. அவற்றை விட, காலமான என் தாயார் தம் குரலில் சொன்ன ஊர்க்கதைகளும் இருந்தன. பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றி வைத்தவை. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதால் வேறு பிரதி கிடையாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உதவிக்கு வந்த எதிர்வீட்டுப் பையன், "அங்கிள், பின்னாடி ரீசெட் ஓட்டை இருக்கு, ஊசியால ஒரு அமுக்கு அமுக்கிடலாமா?" என்றான். "வேண்டாம்ப்பா, கையை எடு" என்றேன். அந்த ஒரு சொல்தான் எங்களைக் காப்பாற்றியது.

சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்து நின்றால் அது ரிலேக்குப் போகாமல் தடைபட்டு, சிக்னல் சிவப்பாகும். 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியே இல்லாமல், வழியில் ஒரு கம்பி அறுந்தாலும் சிக்னல் சிவப்பாகத்தான் மாறும். ஆகவே சிவப்பு என்றால் "வண்டி நிற்கிறது" என்று மட்டும் பொருளல்ல. "எனக்குப் பதில் வரவில்லை" என்பதே அதன் உண்மைப் பொருள்.

"பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற செய்தியும் அப்படித்தான். படங்கள் அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. போன கேள்விக்குப் பதில் திரும்பவில்லை, அவ்வளவே. கோளாறு பெரும்பாலும் பாதையில் இருக்கும், பரணில் இருக்காது. பாதையை ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துக்கொண்டே போனால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

சோதனை வரிசை

1. ஒருவருக்கா, எல்லோருக்குமா? ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தெரியாமல் மற்றவற்றில் தெரிந்தால் கோளாறு அந்தக் கம்ப்யூட்டரில்தான். செல்போன் 'விருந்தினர்' வைஃபையில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வைஃபை, வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களைப் பார்க்கவிடாதபடி பிரித்து வைக்கப்பட்டிருப்பது வழக்கம்.

2. மின்சாரமும் சத்தமும். விளக்கு எரிகிறதா? அடாப்டர் பழுதாகியிருக்கலாம். காதை வைத்துக் கேளுங்கள். 'டக், டக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை வந்தால் டிஸ்க்கிலேயே கோளாறு. உடனே பெட்டியை முறைப்படி அணைத்து, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போகவேண்டும். மேற்கொண்டு சோதனை செய்யக் கூடாது.

3. கேபிள். ரவுட்டரிலும் பெட்டியிலும் கேபிள் செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேறு கேபிள், பிறகு ரவுட்டரில் வேறு துளை. இந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆகவே எலி கடித்து ஒரு கம்பி அறுந்தால், தொடர்பு முழுதும் போகாமல் வேகம் மட்டும் படுத்துவிடுவதும் உண்டு.

4. எண். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு ஐ.பி. எண் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கம்ப்யூட்டரின் எண்ணோ பெட்டியின் எண்ணோ 169.254 என்று தொடங்கினால், அது ரவுட்டரிடம் எண் கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். மறுபடி கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

5. குரல் கொடுத்துப் பார்த்தல். கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில் 'பிங்' என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணை அடித்தால், "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதிலைக் காட்டும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் ஒலியை நினைத்து இந்தப் பெயர் வைத்தார்.

6. பூட்டு. பதில் வந்தும் உள்ளே போக முடியாவிட்டால் கடவுச்சொல்லையும் கம்ப்யூட்டரின் புதுப்பிப்பையும் பாருங்கள். எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பைப் பாதுகாப்பு கருதி 2017இலேயே விண்டோஸ் 10 ஒதுக்கத் தொடங்கியது. 2024இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. அதற்குப் பின் பல பழைய பெட்டிகள், முக்கியமாகக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்தவை, உள்ளே விட மறுத்தன. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைப்பதே சரியான வழி.

எங்கள் வீட்டுத் திருடன்

முதல் மூன்று சோதனையிலும் எங்கள் பெட்டி தேறியது. நான் குறித்து வைத்திருந்த எண் 192.168.1.5. பிங் செய்தேன், பதில் வந்தது! ஆனாலும் பெட்டி திறக்கவில்லை. அரை நாள் மண்டையைக் குழப்பிக் கொண்டேன்.

கடைசியில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே தரப்படும் 'மேக்' எண் அதில் இருக்கும். இரண்டிரண்டாக ஆறு ஜோடி. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினேன். பெட்டி 192.168.1.9இல் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. 5இல் இருந்தது எங்கள் டி.வி.!

நடந்தது இதுதான். மின்சாரம் வந்தபோது ரவுட்டர் பழைய பட்டியலை மறந்துவிட்டது. முதலில் விழித்த டி.வி. 5ஐ வாங்கிக்கொண்டது. மெதுவாக எழும் பெட்டிக்கு 9 கிடைத்தது. ரவுட்டர் தரும் எண் சொந்தமல்ல, குத்தகைதான். ரயிலில் ரிசர்வ் செய்யாத பெட்டியில் எழுந்து போனவர் இடம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

மருந்தும் ரயில்வே மருந்துதான்: ரிசர்வேஷன். ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் பெட்டியின் மேக் எண்ணுக்கு ஒரு ஐ.பி. எண்ணைப் பதிவு செய்துவிட்டால், எத்தனை முறை மின்சாரம் போனாலும் அந்த இருக்கை அதற்கே. ஐந்து நிமிட வேலை. அன்று ஊசியால் அமுக்கியிருந்தால்? சில பெட்டிகளில் கடவுச்சொல் மட்டும் மாறும்; நீளமாக அமுக்கினால் சிலவற்றில் எல்லா அமைப்புகளும் போகும். அதற்குப் பின் திரையில் வரும் "புதிதாகத் தயார் செய்யவா?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் 'ஆம்' என்றால் டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். அந்த 'ஆம்' மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரே பிரதி, பிரதியே அல்ல

பெட்டி கிடைத்த மகிழ்ச்சியை விட எனக்கு வெட்கமே அதிகம். தாயார் குரலை ஒரே இடத்தில் வைத்திருந்தேனே! 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகள் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் காலியாயின. 2015க்குப் பின் புதுப்பிக்கப்படாத அவற்றின் ஓட்டையைக் கண்டுபிடித்த யாரோ, இன்டர்நெட் வழியே புகுந்து, தொலைவிலிருந்தே ரீசெட் செய்துவிட்டார்கள். ஊசி கூடத் தேவைப்படவில்லை. ஆகவே பெட்டியை வெளியூரிலிருந்து திறக்கும் வசதி அவசியமில்லை என்றால் அணைத்து வையுங்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று இருந்துவிடவும் கூடாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் இல்லாத சுவடிகளும் சாம்பலாயின.

இப்போது தாயார் குரல் பெட்டியில் ஒன்று, பீரோவில் தனி டிஸ்க்கில் ஒன்று, பெங்களூரில் மகள் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மூன்று காரியம் செய்யுங்கள்: பெட்டியின் மேக் எண்ணையும் ஐ.பி. எண்ணையும் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். அந்த எண்ணை ரவுட்டரில் ரிசர்வ் செய்யுங்கள். ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள். பாட்டி குரலையும் அன்றே ஒரு முறை கேட்டு வைப்பார்கள்.