உராய்வை வென்ற மருத்துவர்

மனிதன் நிற்கவும் நடக்கவும் துணைசெய்வது இடுப்பு மூட்டு. தொடையெலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருத்தலால் நோவு தோன்றுவதில்லை. அப்போர்வை தேய்ந்துவிடின் எலும்போடு எலும்பு உராயும். எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் வேதனையாகும்.

இத்துன்பத்தைக் களைய முயன்றவருள் சிறந்தவர் இங்கிலாந்து நாட்டு எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி (1911–1982). செயற்கை மூட்டுத்தலை பொருத்தப்பெற்ற ஒருவர், தாம் முன்புறம் சாயுந்தோறும் மூட்டு 'கிறீச்' என்று ஒலிப்பதாக அவரிடம் முறையிட்டார். பிறர்க்கு நகைப்பைத் தரும் அவ்வொலி, சார்ன்லியைச் சிந்திக்க வைத்தது. உராய்வு மிகுந்தமையே அதன் காரணம் என அவர் தெளிந்தார்.

எனவே, மிகவும் வழுக்கும் இயல்புடைய டெப்லான் என்னும் பொருளை அவர் தேர்ந்தார். எஃகுப் பந்தும் டெப்லான் கிண்ணமும் கொண்ட மூட்டினை ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். நோவு நீங்கி அவர்கள் நடந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் டெப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்படுத்தின. வழுக்கும் பொருளெல்லாம் தேயாத பொருளாகா என்பதை அவர் உணர்ந்தார். தம் தவற்றை மறைக்காமல், அந்நோயாளிகளுக்குத் தாமே மீண்டும் அறுவை செய்தார்.

1962ஆம் ஆண்டில் பாலிஎதிலீன் என்னும் பொருளின் துண்டொன்று அவரிடம் வந்தது. அவர் நகத்தால் கீறிப் பார்த்து, பயனற்றதென ஒதுக்கினார். அவருடைய பணிமனைத் தொழிலறிஞர் ஆரி கிரேவன் அதனைத் தேய்ப்புப் பொறியில் இட்டு ஓடவிட்டார். டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, மூன்று வாரங்களில் அது தேயவில்லை! சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் புதிய கிண்ணத்தை நோயாளிக்குப் பொருத்தினார். இரு பொருள்களின் துகள்களையும் தம் தொடையிற் செலுத்தியும் ஆராய்ந்தார். டெப்லான் செலுத்திய இடத்தில் கட்டி தோன்றியது, மற்றதில் தீங்கில்லை.

இன்று பீங்கான் தலைகளும், உலோகக் கலவைமேல் இடும் கடினமான மெல்லிய பூச்சுகளும், கதிர்வீச்சால் வலுவூட்டிய பாலிஎதிலீனும் பயன்படுகின்றன. எனினும், உராய்வும் தேய்வும் ஒருங்கே குறைதல் வேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

சிறு ஒலிக்கும் செவிசாய்த்தல், உடன் உழைப்போர் கண்ட உண்மையை ஏற்றல், பிழையை ஒப்புக்கொண்டு திருத்துதல் ஆகிய மூன்று பண்புகளே எண்ணற்றோரை மீண்டும் நடக்கச் செய்தன.