இடத்தை விடுவிக்கும் முன்: இளம் சேர்வர் நிர்வாகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கொட்டாஞ்சேனை அலுவலகத்துச் சேர்வரில் இடம் முடிந்துவிட்டது, ஒருவரும் தொடாத பழைய லொஜிக்கல் வொலியூம்கள் சில கிடக்கின்றன, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர். உம்முடைய வயதில் சேர்வர் பொறுப்புக்கு வரும் பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் பதிலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். எடுக்கலாம். எல்விரிமூவ் என்பது ஒரு வரிக் கட்டளை, சில நொடியில் முடிந்துவிடும். அந்த வொலியூம் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் நாட்கள் பிடிக்கும். சம்பளம் உமக்கு அதற்குத்தான்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நிரம்பியிருப்பது எது? வொலியூமை நீக்கினால் கிடைக்கும் இடம் வொலியூம் குழுமத்துக்குத்தான் திரும்பும். நிரம்பி வழியும் ஃபைல் சிஸ்டத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. எல்விஎக்ஸ்டெண்ட் கொண்டு வொலியூமையும், அதனோடு ஃபைல் சிஸ்டத்தையும் நீர்தான் நீட்ட வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் பெருக்கலாம், பிறகு சுருக்க முடியாது. எவ்வளவு நீட்டுவது என்பதை முதலே யோசித்துவிடும். பல வேளைகளில் வொலியூமைத் தொடவே தேவையில்லை. யாரோ அழித்த பெரிய லொக் ஃபைலை ஏதோ ஒரு சேவை இன்னும் திறந்து வைத்திருக்கும். டிஎஃப் ஒரு கணக்குச் சொல்லும், டியூ இன்னொரு கணக்குச் சொல்லும். அந்தச் சேவையை மீளத் தொடக்கினால் இடம் வந்துவிடும்.

இனி அந்தப் பழைய வொலியூம்கள். மவுண்ட் ஆகவில்லை என்பதால் ஒன்றை அநாதை என்று முடிவு கட்ட வேண்டாம். கேவிஎம் போன்றவற்றில் மெய்நிகர் கணினிகள் வொலியூமையே நேரடியாகத் தம் டிஸ்க்காக வைத்திருக்கும். சேர்வரின் மவுண்ட் பட்டியலில் அது ஒருநாளும் வராது. மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருந்தால் எல்விஎஸ் காட்டும் அடையாளங்களில் அது திறந்திருப்பது தெரியும். நிறுத்தி வைத்திருந்தால் அதுவும் தெரியாது. எங்கள் ஊர்க் கம்பனிகளில் இப்படி உறங்கும் கணினிகள் நிறைய. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று உள்ளே இருக்கும். மார்ச் 31 இல் நிதியாண்டு முடிந்து ஓடிட்டர்கள் வந்தபின்தான் அதை எழுப்புவார்கள். ஒக்டோபரில் பார்க்கும் உமக்கு அது குப்பையாகத்தான் தோன்றும்.

ஆகவே திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், எழுந்துபோய் ஆட்களிடம் கேளும். கணக்குப் பகுதியில் இருபது வருடமாக இருக்கும் அக்காவிடம் கேளும். துறைமுகத்துக்குப் போய்வரும் கிளியரிங் அண்ணனிடமும் கேளும். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் துறையில் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது உமக்கும் தெரியும். 'டெஸ்ட்2', 'ஓல்ட்நியூ' என்று பெயர் வைத்தவர் இன்று மெல்பேர்னிலோ டொரண்டோவிலோ இருக்கலாம். வட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டால் பதில் சொல்வார். கேட்கக் கூச்சப்படாதீர்.

பக்கப் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மீட்டுக் காட்டச் சொல்லும். இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன், ஏனென்றால் இந்த நாடு இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2021 இல் அரசாங்கக் கிளவுட்டில் இருந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு அழிந்துபோய், விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. 2023 இல் கப்பம் கேட்கும் ரன்சம்வேர் தாக்குதலில் அரச மின்னஞ்சல்கள் சிக்கின. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போய்விட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதிகளும் பூட்டப்பட்டுவிட்டன, அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை. அதே வொலியூம் குழுமத்தில் இருக்கும் ஸ்னாப்ஷொட்டை நம்பியிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மூல வொலியூமை நீக்கினால் வழக்கமான ஸ்னாப்ஷொட்டும் கூடவே போகும்.

எல்லாம் கேட்டு முடித்தபின்னும் உடனே நீக்க வேண்டாம். அன்மவுண்ட் செய்யும். எல்விசேஞ்ச் கொண்டு செயலிழக்கச் செய்யும். எல்விரீநேம் கொண்டு பெயரில் அன்றைய திகதியைச் சேர்த்துவிடும். பிறகு ஒரு மாத முடிவாவது கடக்கட்டும். சம்பளப் பட்டியல், வற் கணக்கு எல்லாம் ஒருமுறை ஓடி முடியட்டும். யாரும் தேடி வராவிட்டால் மட்டும் கட்டளையை அடியும்.

எஃப்எஸ்டாப்பில் அந்த வொலியூமுக்கு இருந்த வரியை அன்மவுண்ட் செய்யும் அன்றே முடக்கும். பலர் மறப்பது இதைத்தான். சேர்வர் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் இருண்டதே, அப்படி ஒரு மின்தடை வந்து யுபிஎஸ்ஸும் ஓய்ந்து சேர்வர் மீண்டும் எழும்போது, இல்லாத வொலியூமைத் தேடி அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட வேண்டியவர் நீர்தான்.

கட்டளையை அடிக்கும் முன் எந்தச் சேர்வரில் நிற்கிறீர் என்பதைப் பெயரைப் பார்த்து உறுதி செய்யும். 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சேர்வரில் நின்று தரவுக் கோப்புறையை அழித்தார். நம்பியிருந்த பக்கப் முறைகளும் வேலை செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் எதையும் நீக்க வேண்டாம் என்று உமக்குச் சொல்ல எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

தவறிப்போய் நீக்கிவிட்டால் பதறாதீர். சேர்வரில் ஒன்றும் எழுதவிடாதீர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எல்விஎம் தன் வரைபடத்தின் பிரதி ஒன்றை ஈடிசி அடியில் உள்ள ஆர்கைவ் கோப்புறையில் வைத்திருக்கும். நீக்கிய வொலியூம் இருந்த இடம் மேலெழுதப்படாமலும் டிஸ்கார்ட் போகாமலும் இருந்தால் விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் மூலம் மீட்கலாம். இதன் மறுபக்கத்தையும் யோசியும். நீக்கிய வொலியூமின் தரவு டிஸ்க்கில் அப்படியே கிடக்கிறது. அந்த டிஸ்க்கைத் துடைக்காமல் பம்பலப்பிட்டிக் கடையில் விற்றால் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் சேர்ந்தே போகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடும்.

இந்த வாரம் வொலியூம்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் எதிரேயும் உரியவரின் பெயரை எழுதும். பெயர் எழுத முடியாதது எதுவோ அதைத் தொட வேண்டாம். இடம் அவ்வளவு அவசரமென்றால் முதலாளியிடம் புதிய டிஸ்க் ஒன்று கேளும், நான் சொன்னதாகவே சொல்லும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உம் அண்ணன்